ஒரு விரல் தள்ளி நின்ற அறை

வாசிக்கிற எல்லோருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? முழங்கால் மடங்குகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா? ஏற முடிகிறவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் கைப்பிடியைப் பிடித்தபடி கீழ்ப்படியிலேயே உட்காருங்கள். இந்தக் கதை ஆரம்பிப்பதும் அந்தப் படியில்தான்.

ஒரு வேன்காரர் இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு போய் மாலையில் திரும்பக் கொண்டுவந்து கொட்டுகிறவர். அவருடைய வீட்டில் கீழே ஒரு கூடமும் சமையலறையும், மேலே இரண்டு அறைகளும் ஒரு கழிப்பறையும். வீட்டைக் கட்டிய புண்ணியவான், கீழே இருப்பவர்களுக்கும் வயிறு என்று ஒன்று இருக்கும் என்பதை யோசிக்காமலே கட்டி முடித்துவிட்டார்.

இத்தனை காலம் அது யாருக்கும் உறுத்தவில்லை. மனைவியின் அப்பா வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் செய்துகொண்டு, அலுமினிய வாக்கரோடு கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. சமதரையில் மாமனார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்துவிடுவார். படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு தடவையும் அவரைக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மகளும் பின்னால் மாப்பிள்ளையுமாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முதலில் மாமனார் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"திருப்பத்துல மெதுவா, மாப்ளே. ஓவர்டேக் எல்லாம் வேண்டாம்."

"வண்டியில பேசக் கூடாது மாமா."

"பேசாம எப்படி? ஸ்டாப்பிங் வந்தா நான்தானே சொல்லணும்."

போகப் போகப் பேச்சு குறைந்தது. ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது மனைவி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகச் சொன்னாள்.

"என்னங்க, அப்பா தண்ணி குடிக்கறதையே விட்டுட்டார். மாத்திரைக்குக்கூட ஒரு வாய்தான். நம்மளைத் தூக்க வைக்கக் கூடாதாம்."

வேன்காரர் குழாயை மூடினார். மறுநாளே பின்பக்கத்தில், கூடத்துச் சுவரை ஒட்டி, ஓர் அறையும் அதற்குள் ஒரு கழிப்பறையும் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு கூரை. இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்தார். பாவம்.

முன்பெல்லாம் காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தால் போதும். இப்போது மாடல் ஒப்புதல் அலுவலகம் என்று ஒன்று வந்திருந்தது. கட்டப்போகும் வீட்டை முதலில் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிக் காட்ட வேண்டும். அங்கே சரியாக நின்றால்தான் வெளியே நிற்க அனுமதி. வேன்காரர், ஓர் இன்ஜினியரிடம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பிடித்தார். அவளை எல்லோரும் வரைபடக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். மாடலை முடித்து அனுப்பினாள். மூன்றாம் நாளே திரும்பி வந்தது. பழைய கூடத்துச் சுவரும் புது அறைச் சுவரும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். பக்கத்தில் ஒரே வரி: "சுவர் சேரவில்லை. உரிமையாளர் நேரில் வரவும்."

வேன்காரர் நேரில் போனார்.

அலுவலகம் பெரிய கட்டடம். முன்கூடத்தில் சுவரும் கூரையும் சந்திக்கிற மூலையில் நீர் கசிந்து, கீழே வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வாளிக்கு நேர் மேலே பெரிய திரையில் அதே கட்டடத்தின் மாடல் மெதுவாகச் சுழன்றது. அந்த மூலை வரும்போதெல்லாம் திரை கொஞ்சம் நின்று, பெருமையோடு காட்டிவிட்டு நகர்ந்தது.

சந்திப்புப் பரிசோதகர் என்று பலகை வைத்த மேஜையில் ஒருவர் இருந்தார். சுவர்கள் சந்திக்கும் இடங்களை மட்டும் பார்ப்பது அவர் வேலை. நடுச்சுவர் இடிந்து விழுந்தாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அது வேறு பிரிவு.

"உங்க சுவர் சேரலையே," என்றார் பரிசோதகர்.

"சுவர் இன்னும் கட்டவே இல்லையே சார்."

"அதைத்தான் சொல்றேன். கட்டாத சுவரே சேரலைன்னா, கட்டின சுவர் எப்படிச் சேரும்?"

இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல வேன்காரருக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்ற வைப்பதற்காகத்தான் அந்த மேஜைக்கு ஆள் போட்டிருந்தார்கள். பரிசோதகர் ஒரு சுருளை எடுத்து விரித்தார். படுக்கை விரிப்பு அகலத்துக்கு இருந்தது. நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கோடு.

"பாருங்க. இது வழியா மழை உள்ளே வராதா?"

"சார், வீட்டுல பார்த்தப்போ தலைமுடி மாதிரி இருந்துச்சு."

"நாங்க பெரிசு பண்ணித்தான் பார்ப்போம். சின்னதா பார்த்தா எல்லாமே சரியாத்தான் இருக்கும்."

வேன்காரர் வாளி இருந்த மூலையைக் காட்டினார். "அங்க தண்ணி ஒழுகுதே சார்."

"அது வெளியில ஒழுகுது," என்றார் பரிசோதகர் பொறுமையாக. "மாடல்ல ஒழுகலை."

வரைபடக்காரியிடம் வந்து கேட்டதும் அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். சுவர் என்றால் ஒரே கட்டி இல்லையாம். வெளிப்பூச்சு, செங்கல், வெயில் இறங்காமலிருக்க ஒரு அட்டை, உள்பூச்சு என்று அடுக்கு அடுக்காக இருக்குமாம். இரண்டு சுவர் சந்திக்கும்போது செங்கல் செங்கலோடு சேர வேண்டும், பூச்சு ஒதுங்கி வழிவிட வேண்டும். யார் யாருக்கு வழிவிடுவது என்று தெரிய ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு எண் உண்டு. பெரிய எண் முன்னே போகும், சின்ன எண் விலகி நிற்கும்.

"கல்யாண வீட்டுல போட்டோ எடுக்கறப்போ நிக்கிற மாதிரி," என்றார் வேன்காரர்.

"அதே மாதிரிதான் அண்ணா. இங்க பூச்சு போய் நடுவுல நின்னுக்குச்சு. செங்கலுக்கு எண்ணைக் கூட்டிட்டேன். இனி சரியாயிடும்."

சரியாகத்தான் ஆனது. செங்கலும் செங்கலும் சேர்ந்தன. மாடலை அனுப்பினார்கள். இந்தத் தடவை பூச்சுப் பிரிவு கூப்பிட்டது.

அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பிரிவும், பிரிவுக்கு ஒரு அதிகாரியும் உண்டு என்பது வேன்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. செங்கல் பிரிவு முதல் மாடியில், குளிரூட்டிய அறையில். பூச்சுப் பிரிவு வராண்டாவின் கோடியில், மின்விசிறிக்குக் கீழே. இரண்டு அதிகாரிகளும் ஒரே வாசல் வழியாகத்தான் வருவார்கள். ஆனால் ஒருவர் வரும்போது இன்னொருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஒருவருக்கொருவர் பேச வேண்டுமென்றால் இயக்குநர் வழியாகத்தான்.

பூச்சு அதிகாரி எழுந்து நின்றே பேசினார்.

"எங்க பூச்சை யாரைக் கேட்டு வெட்டினீங்க? செங்கல்னா பெரிய இவனா? வீட்டைப் பார்க்கிறவன் எதைப் பார்க்கிறான்? பூச்சைப் பார்க்கிறான். உள்ளே செங்கல் இருக்கா, வெறும் மண்ணு இருக்கான்னு இதுவரைக்கும் எவனாவது கேட்டிருக்கானா? மேலே பளபளன்னு இருந்தா உள்ளே ஒண்ணுமே தேவையில்லை. இந்த ஆபீஸ் இத்தனை வருஷமா அப்படித்தான் நடக்குது."

"சரி சார்," என்றார் வேன்காரர்.

வரைபடக்காரி பூச்சின் எண்ணைக் கூட்டினாள். செங்கல் அதிகாரி கூப்பிட்டார். செங்கலின் எண்ணைக் கூட்டினாள். பூச்சு அதிகாரி கூப்பிட்டார். நடுவில் அட்டைப் பிரிவும் தங்களை யாரும் மதிப்பதில்லை என்று ஒரு வருத்தக் குறிப்பு அனுப்பியது. இரண்டு எண்ணையும் சமமாக வைத்துப் பார்த்தாள். சமம் என்றதும் சாஃப்ட்வேருக்குக் கோபம் வந்து, சுவரின் முனை கூடத்தைத் தாண்டி நடுத்தெரு வரைக்கும் நீட்டிக்கொண்டு போய்விட்டது.

ஒருவழியாக, கொஞ்சம் செங்கல் கொஞ்சம் பூச்சு என்று படிப்படியாக வெட்டி, இரண்டு பேரையும் சமாதானப்படுத்தும் ஒரு சந்திப்பை அவள் செய்து முடித்தாள். ஆனாலும் கோடு போகவில்லை. செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவிலேயே நின்றது, அதே தலைமுடிக் கோடு.

"இது ஏம்மா போகமாட்டேங்குது?"

"பழைய சுவர்ல இருக்கறதுக்கு 'பழைய செங்கல்'னு பேரு. புதுசுக்குப் 'புதிய செங்கல்'. பேரு வேறயா இருந்தா சாஃப்ட்வேர் நடுவுல கோடு போட்டுடும் அண்ணா. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா கோடே வராது."

"அப்போ ஒரே பேரு வச்சுடேன்."

"வைக்கக் கூடாதுன்னு அவங்க விதி."

வேன்காரர் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் நல்ல கனமான மனிதர். இரண்டு முழங்காலிலும் பட்டை போட்டுக்கொண்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தார்.

"விதி ரொம்பத் தெளிவா இருக்கு," என்றார். "பழசையும் புதுசையும் பேரு மாத்திப் பிரிச்சுக் காட்டணும். அது ஒண்ணு. சேர்ற இடத்துல கோடு தெரியக் கூடாது. அது ரெண்டு."

"பேரை மாத்தினாத்தான் கோடு வருதாமே சார். ரெண்டும் எப்படி சார் முடியும்?"

"அதுக்குத்தானே நாங்க இருக்கோம். ரெண்டு விதியும் ஒத்துப்போயிட்டா எங்களுக்கு இங்க என்ன வேலை?" இயக்குநர் சிரித்தார். பிறகு பெரிய மனது பண்ணி ஒரு வழியும் சொன்னார். "பழைய சுவரை இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுங்க. ரெண்டும் புதுசாயிடும்."

"அந்தச் சுவர்லதான் சார் மாடியே நிக்குது."

"மாடியையும் புதுசா கட்டலாமே. அதுக்குத் தனியா மாடல் போடணும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மாப்ளே, நான் ரொம்பப் பழசு, நீங்க கொஞ்சம் புதுசு. நமக்கு நடுவுல கோடு தெரியுதான்னு அவங்க வந்து பார்த்தாலும் பார்ப்பாங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர்கள் உண்மையாகவே வந்துவிட்டார்கள்.

இயக்குநர், செங்கல் அதிகாரி, பூச்சு அதிகாரி, பரிசோதகர் என்று நான்கு பேர். அலுவலகத்துக்கு ஒரே ஒரு வண்டிதான் என்பதால் நான்கு பேரும் ஒன்றாக நெருக்கி உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து இறங்கினார்கள். பரிசோதகர் பூதக்கண்ணாடியோடு பின்பக்கம் போய், வராத அறை வந்து சேரப்போகும் இடத்தில் கோடு இருக்கிறதா என்று சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு பல்லி மட்டும் இருந்தது. அதையும் அளந்து பார்த்துவிட்டுப் போக விட்டார்.

"இப்போதைக்குக் கோடு எதுவும் தென்படலை," என்று அறிவித்தார்.

"இப்போதைக்கு," என்றார் செங்கல் அதிகாரி சந்தேகத்தோடு.

கூடத்தில் மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். மனைவி டீ கொடுத்தாள். இயக்குநர் இரண்டு டம்ளர் குடித்தார். வரும் வழியில் தண்ணீரும் நிறையக் குடித்திருந்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் நெளிந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பாத்ரூம் எங்கே இருக்கு?"

"மாடியில சார்."

இயக்குநர் படியைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலைப் பார்த்தார். வேன்காரர் மூலையிலிருந்த கைவைத்த நாற்காலியை எடுத்துவந்து போட்டார்.

முன்னால் பரிசோதகரும், நடுவில் பக்கத்துக்கு ஒருவராக இரண்டு அதிகாரிகளும், பின்னால் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வேன்காரருமாகத் தூக்கினார்கள். திருப்பத்தில் செங்கல் அதிகாரியும் பூச்சு அதிகாரியும் முதன்முறையாக ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். யார் முதலில் விலகுவது என்று முடிவாகும் வரை இயக்குநர் படிகளுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். வேன்காரருக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. கீழேயிருந்து மாமனார், "திருப்பத்துல எப்பவுமே கொஞ்சம் நெரிசல்தான்" என்று ஆறுதல் சொன்னார்.

வேன்காரருக்குள் ஒரு நம்பிக்கை முளைத்தது. பட்டுவிட்டார் அல்லவா, இனிமேல் புரிந்துகொள்வார். அறை கிடைத்த மாதிரிதான்.

இறங்கி வந்த இயக்குநரின் முகம் தெளிந்திருந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"நல்ல ஏற்பாடா இருக்கே. ஒரு ஆட்டமில்லை, ஒரு அசைவில்லை. காலைக் கீழே வைக்காம போயிட்டு வந்துட்டேன். எங்க ஆபீஸ்லகூட இந்த வசதி கிடையாது. இப்படி ஒரு வசதி இருக்கறப்போ கீழே எதுக்கு இன்னொரு பாத்ரூம்?" பரிசோதகர் பக்கம் திரும்பினார். "அவசியம் இல்லைன்னு எழுதிக்கோங்க."

மனைவியின் கையில் டம்ளர்த் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"சார், எங்க அப்பா எங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு தண்ணி குடிக்காம காஞ்சு கிடக்கார். அதையும் எழுதிக்கோங்க."

"அது எங்க பிரிவு இல்லையேம்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "நாங்க சுவர் மட்டும்தான்."

மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எந்த வேடிக்கையும் பேசவில்லை.

வரைபடக்காரி இதையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எதிரி கழுத்தைப் பிடிக்கிற மாதிரி மவுஸைப் பிடித்தாள்.

"சேர்ந்தாத்தானே அண்ணா கோடு வருது? சேரவே வேண்டாம்."

புது அறையை அப்படியே பிடித்து, பழைய வீட்டிலிருந்து ஒரு விரல் அளவு தள்ளி வைத்தாள். அவ்வளவுதான். நாலு பக்கமும் தனக்கென்று சுவரோடு, யாரையும் தொடாமல் அறை தனியாக நின்றது. கோட்டைக் காணோம்.

மறுநாள் மத்தியானமே ஒப்புதல் வந்துவிட்டது. அவசியம் இல்லை என்று எழுதிய குறிப்பு என்ன ஆயிற்று என்று பயந்துகொண்டே விசாரித்தார் வேன்காரர். அது பழைய வீட்டோடு சேர்ந்த அறைக்கு எழுதியதாம். இது தனிக் கட்டடமாம். தனிக் கட்டடத்துக்குள் கழிப்பறை இல்லாவிட்டால்தான் விதிக்கு விரோதமாம்.

அதோடு விட்டார்களா? அந்த மாடலை முன்கூடத்துத் திரையில் போட்டார்கள். ஒரு சின்னக் கூட்டம் வைத்து வேன்காரரை மேடையேற்றிப் பூங்கொத்துக் கொடுத்தார்கள். இயக்குநர் உட்கார்ந்தபடியே உரையாற்றினார்.

"இந்த அலுவலகம் தொடங்கின நாளிலிருந்து, சந்திப்புக் குறையே இல்லாத ஒரு மாடலைத் தேடிக்கிட்டிருந்தோம். இதோ கிடைச்சிருக்கு. இதுல செங்கல் பூச்சை வெட்டலை, பூச்சு செங்கலை மறைக்கலை. எப்படி முடிஞ்சது? சந்திப்பே இல்லை. ஒண்ணோட ஒண்ணு தொடாம இருந்தா எந்தப் பிரச்சினையும் வராதுங்கறதை எங்க பிரிவுகள் ஏற்கெனவே நிரூபிச்சிருக்கு. இப்போ கட்டடங்களும் அதைக் கத்துக்கிட்டது பெருமையா இருக்கு."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. ஊரெல்லாம் செய்தி பரவியது. வருகிற மாடல்களில் எல்லாம் அறைகள் விரல் விரலாக விலகி நின்றன. பிறகு ஒரே அறையின் சுவர்களே விலக ஆரம்பித்தன. நாலு மூலையும் திறந்துகிடக்க, நாலு சுவரும் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும் ஒரு வீட்டுக்குச் சிறந்த மாடல் பரிசு கொடுத்தார்கள். கூரை எங்கே உட்காரும் என்று கேட்டதற்கு, கூரைப் பிரிவு இன்னும் தொடங்கவில்லை என்றார்கள்.

வேன்காரர் மூலை திறக்காமல் தன் அறையைக் கட்டி முடித்தார். விரல் இடைவெளியில் மழை இறங்காதபடி மேலேயும் பக்கவாட்டிலும் தகட்டால் மூடினார் கொத்தனார். கதவடியில் ஒரு கல் பாலம் போட்டுத் தரையைச் சமமாக்கினார். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியது கழிப்பறைக்குள், கதவுக்குப் பின்னால், அளந்து பார்ப்பதற்கென்று சுவரில் விட்ட ஒரு சின்னத் திறப்பில் மட்டும்தான்.

தனிக் கட்டடம் என்பதால் அதற்குத் தனிக் கதவு எண் வந்தது. அந்த எண்ணுக்குக் குடியிருப்பவர் என்று மாமனாரின் பெயர் பதிவாயிற்று. ஆக, மாமனார் மாப்பிள்ளை வீட்டில் இருப்பவர் இல்லை; பக்கத்து வீட்டுக்காரர். இதில் அவருக்கு ஏற்பட்ட கம்பீரத்தைச் சொல்லி முடியாது. காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "என்ன மாப்ளே, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடிப்பார். குடித்துவிட்டு, "என் வீட்டுல ஒரு வேலை இருக்கு" என்று யார் துணையும் இல்லாமல் திரும்பிப் போவார்.

மழைக்காலம் முடிந்ததும் பரிசோதகர் வந்தார். விரல் இடைவெளி விரல் அளவாகவே இருக்கிறதா, ரகசியமாக நெருங்கிவிட்டதா என்று பார்த்து எழுத வேண்டுமாம். அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டபடி கழிப்பறைக் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாடல் ஒப்புதல் அலுவலகம். சந்திப்பு இல்லாம இருக்கான்னு பார்க்க வந்திருக்கேன்."

"இப்போ முடியாது. உள்ளே ஆள் இருக்கு."

பரிசோதகர் வேன்காரரிடம் திரும்பினார். "கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க சார். இன்னும் நாலு வீடு பார்க்கணும்."

"நான் எப்படிச் சொல்ல முடியும் சார்?" என்றார் வேன்காரர். "நான் பக்கத்து வீடு."

பரிசோதகர் கதவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஐயா, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். பிறகு மாமனாரின் குரல், எந்த அவசரமும் இல்லாமல்.

"அது நம்ம கையில இல்லை தம்பி. நீங்க நிதானமா நில்லுங்க. நான் நிதானமா உட்கார்ந்திருக்கேன்."

மனைவி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து கல் பாலத்தின் மேல் போட்டாள். பரிசோதகர் ஒரு கால் இந்தக் கட்டடத்திலும் ஒரு கால் அந்தக் கட்டடத்திலுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அறிக்கையில் "இடைவெளி தற்சமயம் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சரி, உங்கள் பக்கம் எப்படி? சுவரோ, கதவோ, தண்ணீர்க் குழாயோ, எதைச் சேர்க்கப் போய் எந்த மேஜைக்கு முன்னால் நின்றீர்கள், அந்த மேஜை உங்களிடம் என்ன சொல்லி அனுப்பியது என்று எனக்கு எழுதுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதினால் நல்லது. கொஞ்சம் கதையும் கலக்கத் தோன்றினால் கலந்துகொள்ளுங்கள், சேர்ந்த இடத்தில் கோடு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.